கைகுலுக்கப் பத்து அத்தியாயங்கள்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நடக்காமல் போன ஒரு கைகுலுக்கலிலிருந்து தொடங்குகிறேன். எலிசபெத் காஸ்கெல் எழுதிய 'நார்த் அண்ட் சவுத்' நாவலின் பத்தாம் அத்தியாயம். இடம் மில்டன் என்ற பஞ்சாலை நகரம். மான்செஸ்டரைத்தான் அம்மையார் அப்படிப் பெயர் மாற்றி எழுதினார். ஆலை முதலாளி ஜான் தார்ன்டன், தனக்குக் கிரேக்க இலக்கியம் சொல்லித்தரும் ஹேல் வீட்டுக்குத் தேநீருக்கு வருகிறான். புறப்படும்போது ஹேலுக்கும் அவர் மனைவிக்கும் கைகொடுக்கிறான். மகள் மார்கரெட்டிடமும் கையை நீட்டுகிறான். வடக்கே அது சாதாரண வழக்கம். தெற்கிலிருந்து வந்த அவளுக்கு அது தெரியாது. தலையை மட்டும் தாழ்த்துகிறாள். நீண்ட கை அவள் கண்ணில் படும் நொடியிலேயே அது பின்வாங்கிவிடுகிறது. அவளுக்கு வருத்தம். அவனோ, இவ்வளவு கர்வம் பிடித்த பெண்ணைக் கண்டதில்லை என்று எண்ணியபடி வீடு திரும்புகிறான்.

அந்தக் கைகள் சேர்வது இருபதாம் அத்தியாயத்தில், தார்ன்டன் வீட்டு விருந்தில். அது முதல் தொடுகை என்பது அவனுக்குத் தெரிகிறது. அவளுக்குத் தோன்றவே இல்லை. 52 அத்தியாயங்கள் கொண்ட ஒரு காதல் நாவலில், ஒரு கைகுலுக்கலுக்கு இருபது அத்தியாயம் போய்விட்டது. அந்தப் பக்கத்தை எட்டும்போது வாசகருடைய மூச்சு ஒரு கணம் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்பதுதான் இன்று நான் பேச வந்த பொருள்.

இப்படி மெல்ல மூளும் காதலை ஆங்கில வாசகர்கள் 'ஸ்லோ பர்ன்' என்கிறார்கள். விக்டோரியா காலத்தில் நடக்கும் அத்தகைய கதைகளுக்கு இன்றைக்கும் பெரிய வாசகர் கூட்டம் உண்டு. காலத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன்: விக்டோரியா அரசி ஆண்டது 1837 முதல் 1901 வரை. 'பிரிட்ஜர்டன்' தொடரைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அதன் கதை 1813-இல் தொடங்குகிறது, அது வேறு காலம். ரயிலும் அஞ்சல் தலையும் ஆலைப் புகையும் வந்த பிறகு பிறந்த காதல்களைப் பற்றி நான் பேசுகிறேன்.

இந்தக் கதைகளின் கவர்ச்சிக்கு இரண்டு விளக்கங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. அவசர உலகத்தில் வாழ்கிற நாம் நிதானத்துக்கு ஏங்குகிறோம் என்பது ஒன்று. மறைத்து வைத்தால் ஆசை கூடும் என்பது மற்றது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் இரண்டுமே அந்தக் கதைகளிலுள்ள பெண்ணை மறந்துவிடுகின்றன. அவள் தயங்குவது நாணத்தால் மட்டுமல்ல. அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். போடத்தான் வேண்டும், ஏனென்றால் அந்தக் காலத்துச் சட்டம் அவளை அந்த நிலையில் வைத்திருந்தது.

1870-க்கு முன் இங்கிலாந்தில் ஒரு பெண் திருமணம் செய்துகொண்டால், சட்டத்தின் கண்ணில் அவள் தனி ஆளே அல்ல. அவள் கையிலிருந்த ரொக்கம், நகை, அவள் உழைத்துச் சம்பாதித்த கூலி எல்லாம் கணவனுடையவை. வழக்கறிஞர் வைத்து முன்கூட்டியே தனிப் பத்திரம் எழுதிக்கொள்ள வசதியிருந்த குடும்பங்கள் தப்பித்தன, மற்றவர்களுக்கு வழியில்லை. 1870-இல் வந்த சட்டம் மனைவியின் சம்பாத்தியத்தை அவளுக்கே விட்டது. 1882-இல் வந்த சட்டம்தான் சொத்து முழுவதையும் அவள் பெயரில் வைத்துக்கொள்ள விட்டது. மணமுறிவுக்கு 1857 வரை நாடாளுமன்றத்தில் தனி மசோதா நிறைவேற்ற வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நீதிமன்றம் வந்தபோதும் தராசு சமமாக இல்லை: மனைவியின் பிறழ்வு ஒன்றே கணவனுக்குப் போதும், மனைவியோ கணவனின் பிறழ்வோடு கொடுமையையோ கைவிட்டுப் போனதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும்.

கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளரின் வாழ்க்கையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1836-இல் அவருடைய இல்வாழ்க்கை உடைந்தது. கணவர் மூன்று பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு போனார். தாய்க்கு அவர்களைப் பார்க்கும் உரிமைகூட இல்லை. அவர் எழுதிச் சம்பாதித்த பணத்துக்கும் கணவர் உரிமை கோர முடிந்தது. அவர் விடாமல் நடத்திய போராட்டத்தின் பயனாகத்தான் 1839-இல், சிறு குழந்தைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தாய் மனுச் செய்யலாம் என்ற சட்டம் வந்தது. இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு விக்டோரியக் கதாநாயகியைப் பாருங்கள். 'சரி' என்ற ஒரே சொல்லால் அவள் தன் வருமானத்தையும், தன் உடலையும், இன்னும் பிறக்காத பிள்ளைகளையும் ஒரு மனிதன் கையில் ஒப்படைக்கிறாள். அந்த மனிதன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கிடைப்பதோ தேநீர் நேரப் பேச்சு, தேவாலய வாசல், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு போகிற நடை. அதனால்தான் அவன் வேலைக்காரியிடம் எப்படிப் பேசுகிறான், கடன்காரனிடம் எப்படி நடந்துகொள்கிறான், தோற்றபோது யார்மீது பாய்கிறான் என்பதையெல்லாம் நாவல் அவ்வளவு பக்கம் செலவழித்துக் காட்டுகிறது. அவள் பார்க்கிறாள், நாமும் அவளோடு சேர்ந்து பார்க்கிறோம்.

'ஜேன் ஏர்' நாவலிலும் இதே கணக்குதான். அது 1847 அக்டோபரில் வந்தது. கரர் பெல் என்ற புனைபெயரில் எழுதியவர் சார்லட் பிரான்டி. தார்ன்ஃபீல்டு மாளிகையில் ஆசிரியையாக இருக்கும் ஜேனுக்கு ஆண்டுச் சம்பளம் 30 பவுண்டு. மாளிகையின் உரிமையாளர் ரோச்செஸ்டர் ஜமைக்காவில் மணந்து, இப்போது அந்த வீட்டிலேயே ஒளித்துவைத்திருக்கும் முதல் மனைவி பெர்த்தா கொண்டுவந்தது 30,000 பவுண்டு. இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அந்த வீட்டின் இருட்டு புரியும். மனைவிக்கு மனநோய் என்பதால் மணமுறிவு பெற அன்று வழியே இல்லை. இங்கிலாந்தில் அது 1937-இல்தான் ஒரு காரணமாக ஏற்கப்பட்டது. ஆகவே ரோச்செஸ்டரோடு நடக்கவிருந்த திருமணம் நின்றுபோன அன்று ஜேனுக்கு முன்னால் இருந்தவை இரண்டே பாதைகள்: வைப்பாட்டியாக இருப்பது, அல்லது வெளியேறுவது. அவள் வெளியேறுகிறாள். திரும்பி வரும்போது அவள் கையில் சொந்தமாக 5,000 பவுண்டு இருக்கிறது. 20,000 பவுண்டு வாரிசுச் சொத்தை அத்தை மக்களோடு சமமாகப் பங்கிட்டு, அவள் வைத்துக்கொண்ட பங்கு அது. காதலை மறுபடி ஏற்கும்போது அவள் யாருக்கும் சம்பளக்காரி அல்ல. இடையில் போன அந்த மாதங்களைக் கதையின் இழுவை என்று சிலர் குறை சொல்வதுண்டு. நான் ஒப்பமாட்டேன். அந்த இடைவெளி இல்லாவிட்டால் அந்தத் திருமணத்துக்கு மதிப்பே இல்லை.

காதல் மெல்ல வளர வேறொரு கருவியும் அந்தக் காலத்துக்குக் கிடைத்திருந்தது: தபால். 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சல் வந்தது. நாட்டுக்குள் எவ்வளவு தூரமானாலும் அரை அவுன்ஸ் வரை ஒரே கட்டணம். லண்டனில் ஒரே நாளில் பலமுறை கடிதம் பட்டுவாடா ஆனது. 1845 ஜனவரி 10 அன்று ராபர்ட் பிரௌனிங் என்ற கவிஞர், தான் நேரில் பார்த்திராத எலிசபெத் பேரட் என்ற கவிஞருக்கு முதல் கடிதம் எழுதினார். பிரௌனிங்குக்கு 32 வயது, எலிசபெத்துக்கு 38. நோயாளியாக விம்போல் தெரு வீட்டு மாடியறையைவிட்டு அதிகம் வெளியே வராதவர் எலிசபெத். தன் பிள்ளைகள் யாரும் மணம் செய்துகொள்ளக் கூடாது என்பது தந்தையின் கட்டளை. முதல் கடிதத்துக்குப் பின் நான்கு மாதங்களுக்கு மேல் கழித்து, மே 20-இல்தான் இருவரும் நேரில் சந்தித்தார்கள். 1846 செப்டம்பர் 12-இல் ரகசியமாக மணந்தார்கள். மணமான பெண் மோதிரத்தைக் கழற்றிவிட்டுத் தந்தை வீட்டுக்கே திரும்பி, ஒரு வாரம் எதுவும் நடவாதது போல் இருந்து, பிறகு கணவரோடு இத்தாலிக்குப் புறப்பட்டார். தந்தை கடைசிவரை மன்னிக்கவில்லை. இடைப்பட்ட இருபது மாதங்களில் இருவரும் எழுதிய கடிதங்கள் 570-க்கும் மேல். எந்தக் கற்பனை எழுத்தாளரும் இதைவிட நிதானமான ஒரு காதலைக் கட்டியதில்லை என்பேன். அந்தக் கடிதங்களில் அவர்கள் பேசியது பெரும்பாலும் கவிதை, உடல்நலம், அச்சம், அப்பா. காதல் அதற்குள்ளேதான் வளர்ந்தது.

புத்தக வியாபாரமும் இந்த நிதானத்துக்குத் துணை நின்றது. நாவல்கள் மூன்று தொகுதிகளாக வந்தன. விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ், ஜேனின் சம்பளக் கணக்கில் ஏறக்குறைய மூன்று வார ஊதியம். அதனால் வாங்கியவர்கள் குறைவு. மூடி என்பவரின் வாடகை நூலகத்தில் ஆண்டுக்கு ஒரு கினி சந்தா கட்டி, ஒவ்வொரு தொகுதியாக எடுத்துப் படித்தார்கள். முதல் தொகுதி முடிந்தால், இரண்டாவது யாரிடமோ இருக்கும், காத்திருக்க வேண்டும். பத்திரிகைத் தொடர் என்றால் அடுத்த வாரம் வரை காத்திருப்பு. வாராவாரம் 'தொடரும்' என்ற சொல்லில் முடிந்த தொடர்கதைகளோடு வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு அந்த ஏக்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி 'நார்த் அண்ட் சவுத்'துக்கே திரும்புகிறேன். சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஹவுஸ்ஹோல்டு வோர்ட்ஸ்' இதழில் 1854 செப்டம்பர் 2 முதல் 1855 ஜனவரி 27 வரை அது வாரத் தொடராக வந்தது. எழுதியவர் மான்செஸ்டரில் ஒரு மதபோதகரின் மனைவி. ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளை நேரில் அறிந்தவர். தொடர் வந்ததற்குச் சற்று முன்புதான் பிரெஸ்டன் நகரப் பஞ்சாலைகளில் மாதக்கணக்கில் நீண்ட பெரும் வேலைநிறுத்தம் நடந்து முடிந்திருந்தது. கதையின் நடுவிலும் ஒரு வேலைநிறுத்தம் இருக்கிறது. பட்டினி கிடக்கும் கூட்டம் தார்ன்டன் வீட்டு முற்றத்தில் திரள்கிறது. போய் அவர்களிடம் மனிதனாகப் பேசு என்று மார்கரெட்தான் அவனைத் துரத்துகிறாள்; கூட்டம் எறியத் துணிந்ததும் அவனுக்கும் கூட்டத்துக்கும் இடையில் போய் நிற்கிறாள். கல் அவள் நெற்றியில் படுகிறது. மறுநாள் அவன் வந்து தன் காதலைச் சொல்கிறான். அவள் மறுத்துவிடுகிறாள். அங்கே நின்றது ஒரு பெண்ணாகத் தன் கடமை, அது அவனுக்காக அல்ல என்கிறாள்.

சாதாரணக் காதல் கதையில் கல்லடி பட்ட இடத்தில் காதல் முடிவாகியிருக்கும். இங்கே அதன்பின் பாதிக் கதை மீதமிருக்கிறது. உண்மையான வேலை அந்தப் பாதியில்தான் நடக்கிறது. மார்கரெட்டின் அண்ணன் ஃபிரெடரிக், கடற்படையில் கொடுமைக்கார அதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தவன். இங்கிலாந்தில் பிடிபட்டால் தூக்கு. சாகும் தாயைப் பார்க்க ரகசியமாக வருகிறான். அவனை ரயிலேற்ற மார்கரெட் இரவில் நிலையத்துக்குப் போகிறாள். யாரோ ஓர் இளைஞனோடு அவள் நிற்பதைத் தார்ன்டன் பார்த்துவிடுகிறான். அங்கே நடந்த தள்ளுமுள்ளில் விழுந்த ஒருவன் பின்னர் இறக்கிறான். காவல் அதிகாரி விசாரிக்க வந்தபோது, நான் அங்கே இல்லவே இல்லை என்று மார்கரெட் பொய் சொல்கிறாள். நீதிபதிப் பொறுப்பிலும் இருந்த தார்ன்டனுக்கு அது பொய் என்று தெரியும். அந்த இளைஞன் அவளுடைய காதலன் என்றே அவன் நம்புகிறான். நம்பிக்கொண்டே, விசாரணை அவள்மீது பாயாமல் தடுக்கிறான். கைம்மாறாக எதையும் எதிர்பார்க்கவில்லை. இனி அவள் தனக்கில்லை என்று நினைக்கும் நேரத்தில்தான் அதைச் செய்கிறான்.

தான் பொய் சொன்னது தார்ன்டனுக்குத் தெரியும் என்று மார்கரெட் அறியும் இடம் எனக்கு இந்த நாவலிலேயே மிகப் பிடித்த இடம். காவல்துறைக்குப் பயந்ததைவிட, அவன் கண்ணில் தாழ்ந்துவிட்டோமே என்பது அவளைச் சுடுகிறது. இந்த மனிதனுடைய மதிப்பு தனக்கு இவ்வளவு முக்கியமா என்று அவளே திகைக்கிறாள். அவள் காதலிக்கத் தொடங்கிவிட்டாள் என்று காஸ்கெல் சொல்வதில்லை. வெட்கப்பட வைக்கிறார், அவ்வளவுதான்.

தார்ன்டனும் இதே காலத்தில் மாறுகிறான். தொழிற்சங்கக்காரன் ஹிக்கின்ஸ், மார்கரெட் சொல்லி அவனிடம் வேலை கேட்டு வருகிறான், முதலில் விரட்டப்படுகிறான். தன்னைப் பார்க்க அவன் ஐந்து மணி நேரம் வாசலில் நின்றான் என்று தார்ன்டன் பிறகு அறிந்துகொள்கிறான். ஹிக்கின்ஸின் வீட்டுக்கே போய் வேலை கொடுக்கிறான். அப்புறம் ஆலையில் தொழிலாளருக்கு ஒரு பொதுச் சாப்பாட்டுக் கூடம். இவற்றில் எதையும் மார்கரெட்டைக் கவர அவன் செய்யவில்லை. அவள் நகரத்தைவிட்டே போய்விட்ட பின்பும் அந்த வேலை நடக்கிறது. காத்திருக்கும் காலத்தில் இருவரும் ஒருவர் இல்லாத இடத்தில் மற்றவருக்குத் தகுதியாகிறார்கள். இதைக் காட்ட நூறு பக்கம் வேண்டும். அவசரமாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

முடிவில் தார்ன்டனின் ஆலை நொடிக்கிறது. மார்கரெட்டுக்கோ ஞானத்தந்தை விட்டுப்போன சொத்து வந்துவிட்டது. அவள் இப்போது அவனுடைய ஆலை நிலத்தின் உரிமையாளர். அவள் தன் மனத்தை எப்படித் திறக்கிறாள் தெரியுமா? வங்கியில் இரண்டரை சதவீத வட்டிக்குக் கிடக்கும் 18,057 பவுண்டைக் கடனாக எடுத்துக்கொண்டு ஆலையை நடத்துங்கள் என்கிறாள். வட்டிக் கணக்கு பேசும் குரல் நடுங்குகிறது. ஆங்கில இலக்கியத்தில் இதைவிட நெகிழ வைக்கும் காதல் மொழி எனக்குத் தெரியாது. அப்போதிருந்த சட்டப்படி, திருமணமானால் அந்தப் பணம் அவனுடையதாகவே ஆகிவிடக்கூடும் என்பதையும் சேர்த்து நினையுங்கள். 2004-இல் பிபிசி எடுத்த நான்கு பகுதித் தொடரில் இந்தக் காட்சி ஒரு ரயில் நிலையத்துக்கு மாறியது. நடைமேடையில் முத்தத்தோடு முடிந்தது. அந்தத் தொடர் வழியாக நாவலுக்கு வந்தவர்கள் ஏராளம், அதற்காக நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் லண்டன் வீட்டு உள்ளறையில் நடக்கும் நாவலின் முடிவையே நான் பெரிதாக மதிக்கிறேன். அந்தக் காலத்தின் இருவர் அப்படித்தான் ஒருவரையொருவர் நெருங்கியிருக்க முடியும்.

இன்று விக்டோரியக் காதல் நாவல் எழுதுவோரில் இந்த அடிப்படையைப் புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். சட்டப் பேராசிரியராக இருந்த கோர்ட்னி மிலன், 'தி டச்சஸ் வார்' கதையை 1863-ஆம் ஆண்டு லெஸ்டர் நகரில் தொழிலாளர் பிரச்சினைக்கு நடுவில் வைக்கிறார். ஈவி டன்மோர் 2019-இல் எழுதிய முதல் நாவல் 1879-ஐ எடுத்துக்கொள்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் பெண்களுக்கான முதல் இரண்டு கல்லூரிகளும் திறந்த ஆண்டு அது. மணமான பெண்ணின் சொத்துரிமைக்காக அதன் நாயகி உழைக்கிறாள். சீனத்தில் பிறந்து ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற ஷெர்ரி தாமஸ், 'நாட் கொயட் எ ஹஸ்பெண்ட்' நாவலில் பிரிந்த கணவனையும் மருத்துவரான மனைவியையும் 1897-இல் கலகம் மூண்ட ஸ்வாத் பள்ளத்தாக்கின் வழியே நடக்க வைக்கிறார். பழைய மனக்காயம் ஆறப் பயணத்தின் ஒவ்வொரு நாளும் தேவைப்படுகிறது.

எல்லாரும் அப்படி எழுதுவதில்லை. ஒரு வாக்கியம் வாய்திறந்து பேசினால் தீர்ந்துவிடும் சந்தேகத்தை முந்நூறு பக்கம் இழுப்பவர்கள் உண்டு. கையுறையும் விசிறியும் நடன அரங்கும் வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. தாமதம் உண்மையானதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் உரைகல் எளியது: மௌனம் கலைந்தால் யாருக்கு என்ன இழப்பு? மார்கரெட் வாய் திறந்தால் அண்ணன் கழுத்தில் கயிறு. அந்த மௌனத்துக்கு விலை இருக்கிறது. விலை இல்லாத மௌனத்தை வாசகர் மன்னிக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரிலிருந்து இந்தக் கதைகளைப் படிக்கும்போது மாளிகைகளின் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்கக் கூடாது. ரோச்செஸ்டரின் செல்வத்தில் ஜமைக்கா இருக்கிறது. 1850-களில் லங்காஷயர் ஆலைகளுக்கு வந்த பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்காவில் அடிமைகள் பறித்தது. அங்கே நெய்த துணிக்கு மிகப் பெரிய சந்தை இந்தியா. அந்தத் துணி வந்து இறங்கியதில் நம் கைத்தறிக்காரர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பஞ்சுத் தூசி நுரையீரலில் அடைந்து இளவயதிலேயே சாகும் பெஸ்ஸி என்ற பெண்ணை காஸ்கெல் நம் கண்முன் நிறுத்தினார்; கடலுக்கு அப்பால் அவர் பார்வை அவ்வளவு தூரம் போகவில்லை. இதைத் தெரிந்துகொண்டும் அந்த நாவலை நேசிக்க முடியும். நான் நேசிக்கிறேன்.

காதல் நாவல் என்றால் பொழுதுபோக்கு, அதிலும் பெண்கள் படிக்கும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் இந்த அவையிலும் இருக்கலாம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். 'நார்த் அண்ட் சவுத்'தை எடுத்துப் படியுங்கள். வாரத் தொடரில் இடம் போதாமல் முடிவை அவசரப்படுத்த நேர்ந்தது என்று காஸ்கெல் வருந்தினார். 1855-இல் புத்தகமானபோது கடைசிப் பகுதியை விரித்து எழுதினார். நீங்கள் படிக்க வேண்டியது அந்தப் புத்தகப் பதிப்பை. காப்புரிமை முடிந்த நூல், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இருபதாம் அத்தியாயம் வரை பொறுமையாக வாருங்கள். அதற்குமேல் நான் சொல்லித் தர வேண்டியது எதுவும் இல்லை.